அக்கா கடலிலிருந்து எடுத்த கல்

குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஒரு சாம்பல் நிறக் கல் இருக்கிறது. முட்டையளவு, உடம்பெங்கும் ஊசித்துளைகள். தண்ணீரில் போட்டால் மிதக்கும். குதிகால் தேய்க்கிற கல் என்று மகள் நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை.

ஜெர்மனியில், ஹம் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் அக்காவும் நானும் ஒன்றாக வேலை செய்தோம். சொந்தமில்லை, என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா. துணி மடிக்கும் மேசைக்கு மேலே, கிரேக்க உணவகம் ஒன்று கொடுத்த நாட்காட்டி. எரிமலை பிளந்துபோட்ட தீவு, செங்குத்துப் பாறையின் உச்சியில் உப்புக் கொட்டினதுபோல வெள்ளை வீடுகள், கீழே அப்படியொரு நீலம். வருடம் முடிந்தும் அதைக் கழற்ற நான் விடவில்லை. எனக்கு மார்பில் கட்டி என்றார்கள். வெட்டி, மருந்தேற்றி, முடி கொட்டித் திரும்ப வேலைக்கு வந்த நாள்களில் அந்த நீலத்தைப் பார்த்தபடிதான் படுக்கை விரிப்புகளை மடித்தேன்.

"உந்தப் படத்தையே பாத்துக்கொண்டு நிக்கப்போறீரோ, இல்லாட்டி போய்ப் பாப்பமோ?" என்று ஒருநாள் அக்கா கேட்டார்.

"கடல் அக்கா. உங்களுக்கு ஏலாது."

"அது என்ரை பாடு. நீர் லீவைக் கேளும்."

ஊரில் சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற அக்கா கிளாலிக் கடலேரியைத் தாண்டியபோது, அவருக்கு முன்னால் போன படகு கரை சேரவில்லை. அதில் அவருடைய தம்பி இருந்தான். பிறகு எந்தப் படகிலும் அவர் ஏறியதில்லை. கொலோனுக்கு வேலைத்தலத்துச் சுற்றுலா போனபோது எல்லோரும் ரைன் நதிக் கப்பலில் ஏற, அவர் மட்டும் கரையில் நின்று கையசைத்தார்.

அந்தக் கோடையில் போனோம். நாட்காட்டித் தீவின் துறையில், எரிமலைக்குப் போகும் படகு ஆடிக்கொண்டு நின்றது. "விடுங்கோ அக்கா, இங்கையிருந்தே பாப்பம்" என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கதையாதையும். ஏறும்." வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையாரைக் கூப்பிட்டார். பிடி தளரவேயில்லை.

எரிமலையில் இறங்கி, பாறை இடுக்கில் புகை எழுவதைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டார். "நெருப்பு இருக்கிற இடம். செருப்போடை ஏறலாமோ?" நானும் கழற்றினேன். வெயிலில் கொதித்துக் கிடந்த கரிய மண். நாலடி போகவில்லை, ஐயோ ஐயோ என்று இருவரும் துள்ளத் தொடங்கினோம். யாரோ ஒரு ஜெர்மன்காரர் ஓடிவந்து தன் போத்தல் தண்ணீரை எங்கள் பாதங்களில் ஊற்றினார். "சாமியே வேண்டாமெண்டிட்டுது, போடும் செருப்பை" என்றார் அக்கா. நான் சிரித்தேன். தழும்பு இழுக்க இழுக்கச் சிரித்தேன். யாரிடமோ கொடுத்துவைத்திருந்த என் உடம்பு எனக்கே திரும்பி வந்ததுபோல இருந்தது.

திரும்பும் படகில் ஏறி, அது புறப்படக் காத்திருந்தபோது, பக்கத்துத் தண்ணீரில் ஒரு கல் அசைந்து அசைந்து வந்தது. "இஞ்சை பாரும், கல்லு மிதக்குது!" அக்கா என் மணிக்கட்டை விட்டார். குனிந்து கடலுக்குள் கையை விட்டார், முழங்கை வரைக்கும். கல் கைக்கு வந்த பிறகும் கையை உடனே எடுக்கவில்லை. பிறகு, ஈரம் சொட்டச் சொட்ட அதை என் மடியில் வைத்தார். எனக்காக ஏறியவர் அவர். அதற்கு நன்றி சொல்ல அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை.

இன்று காலை மருத்துவமனையில் வழக்கமான பரிசோதனை. வாளியில் தண்ணீர் பிடித்துக் கல்லை அடிவரை அமுக்கினேன். விட்டதும் மேலே வந்தது. கீழே அழைப்புமணி, வாசல் பேசியில் அக்காவின் குரல்: "ஆஸ்பத்திரி டெர்மினுக்குப் பிந்தப்போகுது. இறங்கும்."

கையைத் துடைக்காமலே இறங்கினேன். வாசலில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "என்னப்பா, கையெல்லாம் ஈரம்?"