இரண்டும் இரண்டும் இருபத்திரண்டு

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம், கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து எங்கள் மேலாளர் ஹெர் பிரிங்க்மான் என்னை மடக்கினார். "உங்களுக்கு குரூவி தெரியும்தானே?"

"தெரியுமே... கைன் புரோப்ளேம்!" என்றேன். பிரச்சினையே இல்லை என்று அர்த்தம்.

தெரியாது. அந்தப் பெயரையே அன்றுதான் ஒழுங்காகக் காதில் வாங்கினேன்.

என் வேலையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பீலெஃபெல்டு நகருக்கு வெளியே, சமையலறை அலுமாரிகள் செய்கிற கம்பெனி. அதில் கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் நாலு பேர். உணவகங்களில் பதினொரு வருடம் கோப்பை கழுவிவிட்டு, உம்ஷூலுங் என்று இங்கே சொல்லும் மாற்றுத் தொழிற்பயிற்சி படித்து, ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியை எழுதப் பழகியவன் நான். நாற்பத்தாறு வயதில் கிடைத்த முதல் மேசை வேலை இது. முதல் ஆறு மாதம் புரோபெட்சைட், அதாவது சோதனைக் காலம். அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். எனக்கு அது முடிய இன்னும் பத்தே நாள் இருந்தது.

அந்தப் பத்து நாளை என்னைவிட அதிகமாக எண்ணிக்கொண்டிருந்தவள் என் மனைவி ரதி. முதியோர் இல்லத்தில் வேலை. சனி, ஞாயிறும் காலைப் பணி. ஆட்களைத் தூக்கித் தூக்கி அவளுக்கு முதுகு போய்விட்டது. எனக்கு வேலை நிரந்தரமானால் அவள் வாரக்கடைசி வேலையை விடலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

சரி, குரூவிக்கு வருவோம்.

ஜாவாவுக்கு ஓர் எஞ்சின் உண்டு — கம்ப்யூட்டருக்குள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. அதே எஞ்சினில் ஓடுகிற இன்னொரு மொழிதான் குரூவி. ஜாவாவில் பத்து வரி பிடிக்கிற காரியத்தை இதில் இரண்டு வரியில் முடித்துவிடலாமாம். பிள்ளை பிறந்து விடுமுறையில் போன ஒரு சக ஊழியர் அதில் ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுப் போயிருந்தார். ஒவ்வோர் அலுமாரிக்கும் எத்தனை கதவு, கதவைத் தாங்க எத்தனை பிணைச்சல் என்று பட்டியலைக் கூட்டிக் களஞ்சியத்துக்கு அனுப்ப வேண்டும். அதை நான் முடித்துப் புதன்கிழமை காட்ட வேண்டும்.

சனிக்கிழமை காலை வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இறக்கு, விரி, ஒரு ஃபோல்டரில் போடு. ஜாவா எங்கே குடியிருக்கிறது, குரூவி எங்கே குடியிருக்கிறது என்று விண்டோசுக்கு இரண்டு முகவரி எழுதிக் கொடு. அவ்வளவுதான் நிறுவல். ஆங்கிலப் பக்கம் ஒன்றில் வரிசையாகப் போட்டிருந்தது. அப்படியே பார்த்து எழுதினேன். கட்டளை எழுதுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்து குரூவியைக் கூப்பிட்டேன்.

பிழை. நான் கொடுத்த முகவரி செல்லாதாம்.

மறுபடி எழுதினேன். மறுபடி பிழை. மத்தியானம் ரதி வேலை முடிந்து வந்து, ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நான் போகேக்கையும் இதுக்கு முன்னாலதான் இருந்தனீங்கள். என்னவாம் அது?"

"நான் குடுத்த அட்ரஸில ஜாவா இல்லையாம்."

"அப்ப எங்க இருக்காம்?"

"அதை அது சொல்லேல்ல."

"சரியான அரசாங்கக் கந்தோர்க்காரன்தான்" என்றுவிட்டுக் குசினிக்குப் போனாள்.

டுசல்டோர்ஃபில் சுரேஷ் என்றொரு நண்பர். சென்னைக்காரர், பெரிய கம்பெனியில் என்ஜினியர். போன் போட்டேன்.

"ரொம்ப சிம்பிள் சார். ஜாவா ஹோம் செட் பண்ணிட்டீங்களா?"

"ஓம்."

"நீங்க குடுத்த ஃபோல்டரை ஓபன் பண்ணி, அங்கதான் இருக்கான்னு செக் பண்ணீங்களா?"

"ஓம், ஓம்."

பார்க்கவில்லை! ஏன் பார்த்தேன் என்று சொன்னேன்? எனக்கே தெரியாது. பாவம் அந்த மனிதர், நான் பார்த்துவிட்டேன் என்று நம்பி வேறு வேறு காரணமெல்லாம் தேடினார். "அப்போ எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ஃப்ரெஷ்ஷா போடுங்க சார்" என்றார் கடைசியில். மூன்று தரம் கழற்றி மூன்று தரம் பூட்டினேன். ஞாயிறு மத்தியானம்தான், வேறு வழியில்லாமல், அந்த ஃபோல்டரைத் தேடிப் போனேன். அப்படியொரு ஃபோல்டரே என்னிடம் இல்லை. ஆங்கில விண்டோசில் அதற்கு ஒரு பெயர், என்னுடைய ஜெர்மன் விண்டோசில் வேறு பெயர். மாதிரிப் படிவத்தில் இருப்பதை அப்படியே பார்த்து நிரப்பிப் பழகிய கை, இதையும் அப்படியே நிரப்பிவிட்டது.

ஒன்றரை நாள். ஒரே ஒரு "இல்லை, பார்க்கவில்லை" என்று சொல்லியிருந்தால் ஐந்து நிமிடம்.

இந்த வியாதி எனக்கு மட்டும்தானா? வாசகர்களே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். வந்த புதிதில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை விசா நீட்டப் போவோமே, நினைவிருக்கிறதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஏதோ நீளமாகச் சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்பார். இல்லை என்றால் மொழிபெயர்ப்பாளரோடு வா என்று இன்னொரு டெர்மின், அதாவது வேறொரு தேதி தருவார்கள். அதற்கு இன்னொரு நாள் வேலைக்கு மட்டம் போட வேண்டும். ஆகவே புரிந்தது என்போம். கையில் சீட்டைத் தந்துவிடுவார்கள். வெளியே வந்து, ஆர் ஜெர்மன் படித்தவர் என்று தேடிப்பிடித்து, என்ன சொன்னவன் என்று கேட்போம். அப்படியே நாடு பழகி, மொழி பழகி, குடியுரிமையும் வந்துவிட்டது. அந்த "புரிந்தது" மட்டும் போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் குரூவி எழுந்து நின்றது. எழுதத் தொடங்கினேன். ஜாவாவில் எதையும் உள்ளே விடுமுன் நீ யார், எண்ணா, எழுத்தா என்று பதிவு செய்ய வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லாவற்றுக்கும் பதிவு எழுதினேன். பிறகு வாசித்தால்... அதெல்லாம் இங்கே கட்டாயமில்லையாம்! "டெஃப்" என்று ஒரு சொல். அதைப் போட்டால் போதும், யாரும் உள்ளே வரலாம். ஜாவா போல வரி முடிவில் அரைப் புள்ளி கூட வேண்டாம்.

எனக்குக் கண் கலங்காத குறை. ஜெர்மனியில் பேப்பர் கேட்காத ஓர் இடம்! எழுதிய பதிவையெல்லாம் அழித்தேன். எண்பது வரி இருபத்தைந்து வரியானது. ஓட்டினேன், பிழை எதுவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். வந்த விடைகளைச் சரிபார்த்தேனா? அதைக் கேட்காதீர்கள்.

புதன்கிழமை. பிரிங்க்மான் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டியல் திரையில் ஓடியது. ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த மேல் அலுமாரிக்கு இரண்டு கதவு. இடது கதவுக்கு இரண்டு பிணைச்சல், வலது கதவுக்கு இரண்டு. இங்கே ஏன் இருபத்திரண்டு என்று இருக்கிறது?"

பார்த்தேன். எல்லா அலுமாரியும் அப்படித்தான். மூன்றும் மூன்றும் முப்பத்துமூன்று.

"ஏன் இப்படி வந்தது?"

என் வாய் தன்பாட்டில் திறந்தது. கைன் புரோப்ளேம், பின்னேரத்துக்குள் திருத்தித் தருகிறேன் என்ற வசனம் பல்லுக்குப் பின்னால் தயாராக நின்றது. ஆனால் எனக்குக் களைத்துவிட்டது, வாசகர்களே. அந்த வார இறுதிக்கு மட்டுமல்ல, எத்தனையோ வருடத்துக்கும் சேர்த்துக் களைத்துவிட்டது.

"தெரியாது" என்றேன். "ஏன் இப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. குரூவியும் தெரியாது. வெள்ளிக்கிழமை தெரியும் என்று சொன்னது பொய்."

சொன்ன அந்த நிமிடத்தில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது ரதியின் முதுகுதான். சனிக்கிழமை காலை, குனிந்து சப்பாத்துக்கு நாடா கட்டுகிற முதுகு. பயந்துபோனேன்.

பிரிங்க்மான் எழுந்து போய் ஒரு தாளோடு வந்தார். என் சோதனைக் கால மதிப்பீடு. எல்லா வரியிலும் நல்ல இடத்தில் புள்ளடி. ஒரு வரியில் மட்டும் ஆகக் குறைந்த கட்டத்தில்: "புரியாதபோது கேட்கிறார்."

"ஆறு மாதத்தில் நீங்கள் என்னிடம் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை" என்றார். "உங்களை வைத்திருப்பதா என்று நான் யோசித்தது இதற்காகத்தான். இருபத்திரண்டு பிணைச்சலை நாம் திருத்தலாம். தெரியாததையும் தெரியும் என்கிறவரை நான் எப்படி நம்புவது?"

என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு திரையைப் பார்த்தார். "ஏன் இப்படி வருகிறது என்று எனக்கும் தெரியவில்லையே. தேடிப் பார்ப்போமா?"

அவருக்கும் தெரியவில்லை! அதை ஏதோ மழை பெய்கிறது என்பது போலச் சொன்னார். இருவரும் தேடினோம். பட்டியலில் இருந்து வந்த இரண்டு, எண் அல்ல, எழுத்து. எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். எண் என்று பதிவு கேட்கிற ஜாவா என்றால் அந்த வரியைத் தொடக்கத்திலேயே மறித்திருக்கும். குரூவி மறிக்கவில்லை, எண்ணாக மாற்று என்று நான்தான் சொல்லியிருக்க வேண்டும். வரிக்கு ஒரு சொல் சேர்த்தோம். இரண்டும் இரண்டும் நாலாகியது.

போகும்போது பிரிங்க்மான் அந்தப் புள்ளடியை அழித்து, இரண்டு கட்டம் மேலே போட்டார். நல்ல காலம், பென்சிலால்தான் போட்டிருந்தார்.

நேற்றுக் கடிதம் தந்தார்கள். வேலை நிரந்தரம். ரதி வந்ததும் அவளிடம் நீட்டினேன். வாசித்தாள். சப்பாத்தைக் கழற்றாமல் அப்படியே வாசல் வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு பிணைச்சல் கதையையும் சொல்லி முடித்தேன்.

"தெரியாது எண்டு நீங்களோ சொன்னனீங்கள்? உங்கட வாயாலயோ?"

"ஓம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வாங்கோ, வோஷிங் மெஷின் எப்படிப் போடுறதெண்டு கேளுங்கோ. பதினைஞ்சு வருஷமா அதையும் நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்ல."