மண்டித் தராசில் என் எடை

பிளஸ் ஒன்னில் எனக்குப் பிடித்த ஒரே பாடம் உடற்கல்வி. அதைப் பாடம் என்று சொன்னாலே கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வரும். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். ஒன்றைக் கூச்சமே இல்லாமல் அவர் எடுத்துக்கொள்வார். மிச்சமிருந்த ஒன்றில், வெயில் மண்டையைப் பிளக்கிற நாளென்றால் பி.டி. சார் எங்களை வகுப்பிலேயே உட்கார வைத்து, கரும்பலகையில் தசைகளை வரைந்து, தின்ற சோறு எப்படிச் சக்தியாகிறது, வேர்வையில் என்ன போகிறது என்றெல்லாம் சொல்லுவார். மற்ற பாடங்களில் தூங்கி விழுகிற நான் அதை மட்டும் வாய் பிளந்து கேட்பேன்.

கபடியில் நான் பாடிப் போகிறவன். மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், பாளையங்கோட்டை மைதானத்தில் தேர்வு என்று சார் சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எடை மட்டும் ஐம்பது கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

"மாவட்டத்துக்கு ஆடிட்டன்னா, பின்னால உடற்கல்விக் காலேஜ்ல கேக்கதுக்கு ஒரு பிடிமானம் இருக்கும்லே. ஒன் மார்க்க நம்பி எவன் சீட்டு குடுப்பான்?" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

அந்த வயதில் உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குப் பற்றவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் இருந்த எடை மிஷினோ அறுபதில் முள் சிக்கி நின்றுவிட்டது. தலைமையாசிரியர் ஏறினாலும் அறுபது, நான் ஏறினாலும் அறுபது. அதனால் முக்கூடல் கடைத்தெருவில் அப்பா நெல் போடுகிற மண்டிக்குப் போனேன். மூட்டை நிறுக்கிற இரும்புத் தராசின் பலகையில் ஏறி நின்றால், மண்டி அண்ணாச்சி கம்பியில் குண்டை நகர்த்தி எடை சொல்லுவார். "வாலே மூட்டை" என்றுதான் என்னைக் கூப்பிடுவார். முதல் நாள் ஐம்பத்திரண்டு காட்டியது.

அன்றிலிருந்து பட்டினிதான். காலையில் ஒரு இட்லி, மத்தியானம் மோர், ராத்திரி ஒன்றுமில்லை. மூன்று சட்டையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஓடினேன். வீட்டில் சொதி கொதிக்கிற வாசனை வந்தால் வெளியே போய் நின்றுகொள்வேன்.

"வளருத புள்ள வயித்தக் காயப் போடலாமாலே? ஒரு வாய் தின்னுட்டுப் போ" என்று அம்மா தட்டோடு பின்னாலேயே வருவாள். எரிந்து விழுவேன். அவள் அழுவாள்.

தேர்வுக்கு முந்தின நாள் மண்டியில் நாற்பத்தொன்பதரை. "போய் ஜெயிச்சுட்டு வாலே" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். அப்போதும் நான் எதுவும் சாப்பிடவில்லை. பச்சைத் தண்ணீரைக்கூட வாய் கொப்பளித்துத் துப்பினேன்.

பாளையங்கோட்டையில் தராசு ஐம்பத்தொன்று காட்டியது.

நான் இறங்கி மறுபடி ஏறினேன். ஐம்பத்தொன்றுதான். "ஓடிட்டு வா தம்பி, ஒரு மணி நேரம் பாக்கோம்" என்றார் எடை பார்த்தவர். மைதானத்தைச் சுற்றி ஓடினேன். எச்சிலைத் துப்பித் துப்பி நாக்கு வறண்டது. எதிரே இருந்த சலூனில் மொட்டையும் அடித்துக்கொண்டு வந்து நின்றேன். அப்படியும் அரைக் கிலோ கூடவே இருந்தது. "அடுத்த ஆள்" என்றார். பி.டி. சார் என் தோளில் கை வைக்க வந்தவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார். என் உடம்பை நான் என்ன செய்ய முடியும்? வெட்டியா போட முடியும்? வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் மொட்டைத் தலையோடு என்னைப் பார்த்ததும் அம்மா பதறிவிட்டாள். "யாருக்குலே என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று விஷயத்தைச் சொன்னேன். அவள் சோறு போட்டாள். எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "எங்கன நிறுத்துப் பாத்த?" என்று கேட்டார்.

"மண்டியில."

அவர் கை தட்டிலேயே நின்றது. "ஏலே, அது நெல்லு வாங்குத தராசுலே. அதுல எது ஏறினாலும் கொறச்சுத்தான் காட்டும்."

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஊருக்கே தெரியும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "தெரிஞ்சுமா அங்கனயே நெல்லக் கொண்டு போடுதிய?"

அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேற எங்கன கொண்டு போட?" என்றார்.

ஒரு தடவை ஏமாந்ததற்கு நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்திருந்தேன். அவர் ஒவ்வொரு அறுப்புக்கும் மூட்டை மூட்டையாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட மனசே வரவில்லை. பசி தாங்கவில்லை, சாப்பிட்டேன்.