கருவுறைக்கு இரண்டு புள்ளி

தானே கண்ணால் கண்டிராத ஒன்றைப் பிள்ளைகள் நம்பும்படி சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர்தான் உயர்தர வகுப்பு உயிரியல் ஆசிரியர். வெண்கட்டித் தூளில் தொண்டை கெட்டுப்போன சக பாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் பாடசாலை குறிஞ்சிப்பிட்டிப் பக்கம். என் வகுப்பில் நான்கே பேர், நால்வரும் பெண்கள். இந்த முறையும் ஒருவரும் கெம்பஸ், அதாவது பல்கலைக்கழகம், போகாவிட்டால் விஞ்ஞானப் பிரிவை மூடிவிடுவதாக அதிபர் சொல்லியிருந்தார். மூடினால் புத்தளத்துக்கு பஸ் ஏற வேண்டும். பிள்ளைகளை வாப்பாமார் அனுப்ப மாட்டார்கள். போகக்கூடியவள் என்று பார்த்தால் நஸ்ரினா ஒருத்திதான்.

வேர் விட்ட வெங்காயம்

கலப்பிரிவை, ஓர் உயிர்க்கலம் இரண்டாவதை, காட்ட வெங்காய வேர்நுனி வேண்டும். நஸ்ரினாவின் வாப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். "நல்லது வேண்டாம், வேர் விட்டதாகப் பார்த்து நாலைந்து" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மனிதர் ஒரு பையோடு தானே வந்துவிட்டார். வேர்நுனியில் கலங்கள் ஓயாமல் பிரிவதைப் பற்றி நான் ஆரம்பித்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சேர், வேர் உட்ட வெங்காயத்த யாவாரி கையாலயும் தொட மாட்டான். நீங்க அத நம்பியா என்ட புள்ளயப் படிப்பிக்கிறீங்க?"

காணாத புரதம்

இருந்தது ஒரே ஒரு நுணுக்குக்காட்டி. அதில் குரோமோசோம் என்கிற நிறமூர்த்தங்கள் அழகாகத் தெரிந்தன. அத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கலம் பிரியும்போது கருவைச் சுற்றியிருக்கும் கருவுறை "மறைகிறது" என்று யாராவது எழுதினால் எனக்கு வயிறு எரியும். அது மறைவதில்லை, துண்டு துண்டாகிறது. கருவுக்குள் இருந்த புரதங்களில் பெரும்பாலானவை வெளியே கலத்தை நிறைத்திருக்கும் குழியவுருவில் கலந்துபோகின்றன. பிரிவு முடிந்து புதிய உறை உருவானதும் அவை திரும்பி உள்ளே போக வேண்டும். அதற்கென்று அவற்றின் உடலிலேயே ஓர் அடையாளம் உண்டு. அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு வேறு புரதங்கள் அவற்றை உறையிலுள்ள கருத்துளை வழியே உள்ளே சேர்க்கின்றன. அடையாளம் இல்லாத பெரிய புரதம் வெளியேதான் நிற்க வேண்டும்.

இதை ஒரு பாடவேளை முழுவதும் சொன்னேன். நஸ்ரினா வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல், "சேர், அந்தப் புரதம் இதுல எங்க இரிக்கி?" என்றாள். இந்தக் கருவியில் அது தெரியாது என்றேன். பக்கத்தில் நின்ற சப்னா, நால்வரில் இன்னொருத்தி, திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப சேரும் காணல்லயா?"

ஈஸ்ட்

பரீட்சை நெருங்கியது. மற்ற ஆசிரியர்கள் பழைய வினாத்தாள்களைச் செய்வித்துக்கொண்டிருந்தார்கள். நானோ ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட மனமில்லாதிருந்தேன். பாணைப் பொங்க வைக்கும் ஈஸ்டில் கருவுறை உடைவதேயில்லை. மூடிய கரு மூடியபடியே இரண்டாகிறது. மூன்று பேர் கொட்டாவி விட்டார்கள். நஸ்ரினா மட்டும் சிவப்புப் பேனையால் எழுதிக் கோடும் போட்டாள்.

வாசலில் அதிபர் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. "இது பாடத்திட்டத்துல இரிக்கா சேர்?" என்றார். இல்லை, ஆனால் உண்மை என்றேன்.

"உண்மைக்கு எத்தின புள்ளி?"

மூன்று பக்கம்

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தேவிட்டது. கலப்பிரிவின்போது கருவுறைக்கு என்ன நடக்கிறது? இரண்டு புள்ளி, இரண்டு வரி போதும். நஸ்ரினா மண்டபத்திலிருந்து ஓடிவந்தாள். மூன்று பக்கம் எழுதியிருந்தாளாம்: துண்டாவது, புரதம் கலப்பது, அடையாளம், கருத்துளை, கடைசியில் ஈஸ்ட். எனக்கு உள்ளம் குளிர்ந்து போயிற்று. அந்தக் குளிர்ச்சியை இன்று நினைத்தாலும் வெட்கமாயிருக்கிறது. பிறகுதான் கடைசிக் கேள்வியைப் பற்றிக் கேட்டேன். தொடவே இல்லையாம், நேரம் முடிந்துவிட்டதாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஆனா சேர், ஒரு சொல்லும் பிழையில்ல."

நல்ல வெங்காயம்

பெறுபேறு வந்தது. நஸ்ரினா சித்தியடைந்திருந்தாள்; கெம்பஸுக்கு மட்டும் புள்ளி கொஞ்சம் காணாது. அந்தக் கொஞ்சம், தொடாமல் விட்ட கேள்வியின் புள்ளியை விடச் சிறியது. விஞ்ஞானப் பிரிவை மூடினார்கள். நுணுக்குக்காட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்னொரு முறை எழுதட்டும், புத்தளத்துக்கு அனுப்புங்கள் என்று அவள் வாப்பாவிடம் கேட்கத் தோட்டத்துக்கே போனேன். நஸ்ரினா கொட்டிலில் குந்தியிருந்து வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள், நல்லது ஒரு பக்கம், வேர் விட்டது ஒரு பக்கம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, பிறகு மறுபடி குந்திவிட்டாள்.

வாப்பா ஏசவில்லை. பஸ் பேச்சை எடுத்ததும் எழுந்து குவியலுக்குப் போனார். நல்ல குவியலிலிருந்து ஒரு பை நிரப்பி என் கையில் தந்தார்.

"இது ஆக்கித் தின்ன சேர். இத வெச்சிப் படிப்பிச்சிராதீங்க."

நான் படிப்பித்ததில் இன்றைக்கும் ஒரு சொல் பிழையில்லை, அதனால் யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வழியில்லை.