லேபல் மேசையின் கடைசிச் செய்தி

ஒலிவாங்கியைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்த பியாட்றிஸின் காதருகே முதலாளி நிர்மலன் குனிந்தான்.

"அன்ரி, நீங்கள் எல்லாத்தையும் சொல்லி முடியுங்கோ. கடைசிச் செய்தியை நான் சொல்லுறன். கஜானியின்ரை விசயம்."

"தம்பி, அது வேண்டாம்..." என்று அவள் தொடங்குவதற்குள், கொழும்பிலிருந்து வந்த விற்பனை முகவர்களின் வான் வண்டி வாசலில் வந்து நின்றது. நிர்மலன் சிரித்தபடியே அவர்களை வரவேற்க ஓடிவிட்டான்.

பண்டத்தரிப்பில் நெல்லி ரசம் காய்ச்சிப் போத்தலில் அடைக்கிற கம்பனி அது. பியாட்றிஸ் அங்கே தொலைபேசியை எடுப்பவள், ஓடர்களைப் பதிபவள், சம்பள நாளில் சண்டையைத் தீர்ப்பவள். தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பழகிய குரல் என்பதால் ஆண்டிறுதி ஒன்றுகூடலில் ஒலிவாங்கியும் அவளிடம்தான். நத்தார்ப் பண்டிகைக்கும் புதுவருசத்துக்கும் இடைப்பட்ட ஒரு பின்னேரத்தில், அந்த ஆண்டில் யார் வீட்டில் என்ன நல்லது நடந்தது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்வாள். புதுவீடு குடிபுகுந்தவர், மகளைப் பல்கலைக்கழகம் அனுப்பியவர், பேரப்பிள்ளை கண்டவர் என்று பெயர் சொல்லப்பட்டவர்கள் முன்னுக்கு வந்து முதலாளி கையால் கேக் வாங்குவார்கள். சைவர்கள் விரதமிருக்கும் திருவெம்பாவை நாட்கள் என்பதால் கேக்கில் முட்டை இராது. தன் பெயர் வராதா என்று ஆண்டு முழுவதும் ஆசைப்படுகிறவர்களும் உண்டு.

கஜானி அப்படியானவள் அல்ல. இரண்டு தடவை அவளுக்குக் கரு தங்காமல் போயிற்று. இரண்டாம் முறை கம்பனி முழுவதும் அறிந்து, ஆளாளுக்கு மாங்காயும் புளியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு அதே ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, "ஏன் பிள்ளை, என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பயந்தே அவள் பல நாள் வேலைக்கு வரவில்லை.

இம்முறை அவள் கருவுற்றிருப்பது கணவன் சிவகரனையும் பியாட்றிஸையும் தவிர ஒருவருக்கும் தெரியாது. "ஏழாம் மாசம் வரைக்கும் மூச்சு விடாதேங்கோ அக்கா. மாமிக்குக்கூடச் சொல்லேல்லை. மாமிக்குத் தெரிஞ்சா அண்டைக்கே கோயிலுக்குத் தெரியும்" என்று கஜானி பியாட்றிஸின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பியாட்றிஸ் வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான், கஜானி போத்தல் நிறைந்த பெட்டியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவதை அவள் கண்டாள். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் நிர்மலனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு விசயத்தைச் சொன்னாள். அவன் உடனேயே கஜானியை லேபல் ஒட்டும் மேசைக்கு மாற்றினான். நாரிப்பிடிப்பு, இடுப்பு வலி என்று பியாட்றிஸே எல்லோருக்கும் காரணம் சொன்னாள். அதே மேசையில்தான் கஜானியின் மாமியார் ஞானாம்பிகையும் இருந்தாள்.

ஆனால் நிர்மலன் கனடாவில் வளர்ந்தவன். நல்ல செய்தியை ஒருவர் ஒளிக்க விரும்புவார் என்று அவனுக்குத் தோன்றியிராது. அதை அவனுக்கு விளக்கிச் சொல்லவேண்டும் என்று பியாட்றிஸுக்கும் தோன்றவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லையே!

கூட்டம் தொடங்கியது. பியாட்றிஸ் வாழ்த்துச் சொன்னாள், பெயர்களைச் சொன்னாள். ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துச் சொல்லியபடி நிர்மலனின் கண்ணைப் பிடிக்கப் பார்த்தாள். அவனோ முகவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தான். மூன்றாம் வரிசையில் கஜானி ஒன்றும் அறியாமல் கைதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாமியார்.

"இத்தோடை இந்த வருசத்துச் செய்திகள் முடிஞ்சுது. எல்லாரும் தேத்தண்ணி குடிக்க வாங்கோ" என்று பியாட்றிஸ் அவசரமாக முடித்தாள். ஆட்கள் எழும்பத் தொடங்கினார்கள்.

"இருங்கோ, இருங்கோ!" நிர்மலன் வந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டான். "அன்ரி ஒண்டை மறந்திட்டா. இதுதான் நல்ல செய்தி. எங்கடை லேபல் மேசையிலை இருக்கிற ஒராள்..."

கஜானியின் கை சட்டென்று சேலைத் தலைப்பை இழுத்து வயிற்றை மூடியது. அவளுடைய கண்கள் நிர்மலனிடம் போகவில்லை. நேரே பியாட்றிஸிடம் வந்தன.

பியாட்றிஸ் முதலாளியின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தாள். அப்படி அவள் செய்வாள் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

"ஓம், ஓம், மறந்துபோனன்! எங்கடை ஞானாம்பிகை அக்கா! கண் ஒப்பரேசன் முடிஞ்சு சுகமாய் வேலைக்கு வந்திட்டா. வாங்கோ அக்கா!"

லொறிச் சாரதி எமில்ராஜ் பின்னாலிருந்து கத்தினான்: "உது போன வருசம் வைகாசியிலை அல்லோ நடந்தது! நான் ஹோலிக்ஸ் போத்தலோடை வந்து பாத்தது ஆரின்ரை கண்?"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

"எனக்கோ?" என்றபடி ஞானாம்பிகை எழும்பினாள். பியாட்றிஸின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தலைப்பைப் பற்றியிருந்த மருமகளின் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னடா சிரிப்பு, எமில்?" என்றாள் கடைசியில். "எனக்கென்ன ஒரு கண்ணோ? மற்றக் கண்ணையும் டொக்டரிட்டைக் காட்டினனான். போன கிழமைதான் சுகமெண்டு சொன்னவை. கேக்கைத் தாங்கோ சேர்."

நிர்மலன் குழம்பிப்போய் பியாட்றிஸைப் பார்த்தான். வேண்டாம் என்பதுபோல் அவள் மெல்லத் தலையாட்டினாள். அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, கேக்கை எடுத்துக் கொடுத்தான். கைதட்டல் பலமாக இருந்தது.

தேத்தண்ணி நேரம் முழுவதும் கஜானி பியாட்றிஸின் பக்கம் வரவில்லை. பியாட்றிஸ் ஒலிவாங்கியின் வயரைச் சுற்றினாள்; அவிழ்த்தாள்; மறுபடி சுற்றினாள். ஞானாம்பிகைதான் வந்தாள்.

"எத்தினை மாசம், பியாட்றிஸ்?"

"அக்கா, நான் வாக்குக் குடுத்தனான்."

சொன்ன பிறகுதான், அதுவே பதிலாகிவிட்டது என்று அவளுக்கு உறைத்தது.

"சரி, சொல்லாதை. நானும் கேக்கேல்லை."

வாசலில் சிவகரன் மோட்டார் சைக்கிளோடு நின்றான். இதற்குமேல் பொறுக்க முடியாமல் பியாட்றிஸ் கஜானியிடம் போனாள்.

"நான்தான் சேரிட்டைச் சொன்னனான். நீ பெட்டி தூக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலேல்லை."

கஜானி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். "மாமிக்கு விளங்கீட்டுது, என்ன?"

"ஓம்."

"இனி எனக்கு நித்திரை வராது அக்கா." கோபமா பயமா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. பியாட்றிஸ் அவளது தோளைத் தொடப் போய், கையை எடுத்துக்கொண்டாள்.

அப்போது சமையல் பகுதி இராசாத்தி ஞானாம்பிகையைப் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா, கண்ணை விட்டா வீட்டிலை வேறை புதினம் இல்லையோ?"

கஜானி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பியாட்றிஸும்தான்.

"எங்கடை வீட்டிலை என்ன புதினம்? ஒண்டுமில்லை" என்றாள் ஞானாம்பிகை. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உந்த மாதகல் ரோட்டாலை போகாதை, முழுக்கக் கிடங்கும் குழியும். சுத்திப் போ."

"சுத்திப் போனா இருட்டிப்போகும் அம்மா."

"இருட்டட்டும்."

கஜானி மாமியைப் பார்த்தாள். பிறகு மோட்டார் சைக்கிளில் ஒருபக்கமாக ஏறி, பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிவகரன் மாதகல் பக்கம் திருப்பாமல் மற்றப் பக்கம் திருப்பினான். அவர்கள் மறையும்வரை பியாட்றிஸும் ஞானாம்பிகையும் வாசலில் நின்றார்கள்.