காக்கா தொட்ட பிரிக் கேம்

என் மகனின் கைபேசியில் இல்லாத விளையாட்டு இல்லை. ஆனாலும் போன மாதம் எங்கிருந்தோ ஒரு பழைய பிரிக் கேமைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து, சோறு தண்ணி இல்லாமல் அதையே கட்டிக்கொண்டு அழுகிறான். மேலிருந்து கட்டைகள் விழும், வரிசை பிசகாமல் அடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் என்னடா இருக்கிறது என்று அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. அந்தக் கட்டைகளுக்காகக் காஞ்சிபுரத்துக் காக்கைகளோடு சண்டை போட்டவள் நான்.

நான் நாலாவது முடித்த வருடம் மாமா பர்மா பஜாரிலிருந்து வாங்கி வந்து கொடுத்தது என் பிரிக் கேம். மஞ்சள் நிறம். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் இல்லை. ஆனால் மாதத்தில் மூன்று நாள் அது எனக்கே இல்லாமல் சித்தியிடம் போய்விடும்.

வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்து சித்திக்கு மூன்று வருடம் ஆகியிருந்தது. தறியில் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவையின் ஒரு பக்கக் கரைக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை எறிவது அவள் வேலை. அந்த மூன்று நாள் மட்டும் தறிப்பக்கமே வரமாட்டாள். பின்கட்டில் தனியாகப் பாயில் உட்கார்ந்திருப்பாள். ஏன் என்று கேட்டால் அம்மா, “காக்கா தொட்டுடுச்சி” என்பாள். பொழுது போகவில்லை என்று ஒருமுறை சித்தி கேட்டாளே என்று பிரிக் கேமைக் கொடுத்துத் தொலைத்தேன். கொடுத்த பிறகுதான் சட்டம் தெரிந்தது. அவள் தொட்டதை, அவள் தலைக்குக் குளித்து வரும்வரை யாரும் தொடக்கூடாதாம். பிறகு மாதாமாதம் அதுவே வழக்கமாகிவிட்டது. திரும்பி வரும்போது அம்மா அதன்மேல் மஞ்சள் தண்ணீர் வேறு தெளிப்பாள். அதில் ஒரு பட்டன் அழுத்தினால் எழுந்திருக்க மறுத்தது.

இது போதாதென்று, அந்த மூன்று நாளும் நாடா எறிய என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். என் விளையாட்டு அவளுக்கு, அவள் வேலை எனக்கு. பின்கட்டிலிருந்து டிடிங் டிடிங் என்று சத்தம் வரும்போதெல்லாம் வயிறு எரியும். நாடாவைத் தவறவிடுவேன். “இன்னாமா, கவனம் எங்க இருக்குது?” என்பார் சித்தப்பா. அவள் எடுத்த ஸ்கோரில் பாதிகூட என்னால் எடுக்க முடியவில்லை என்பது தனி எரிச்சல்.

கடைசியில் காக்கையையே ஒழிப்பது என்று முடிவு செய்தேன். கொல்லையில் கல்லோடு நின்றேன். சித்தி துணி காயப்போட மாடிக்குப் போனால் கம்போடு பின்னாலேயே போனேன். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்த அம்மாவிடம், “நீயே அத கூப்புட்டுக்கினு இருக்கறியே!” என்று சண்டை போட்டேன்.

பலன் இருந்தது. அந்த மாதம் சித்தி பின்கட்டுக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. வீட்டில் எல்லோர் முகத்திலும் ஒரு களை. அம்மா அவளைக் குடம் தூக்க விடவில்லை. சித்தப்பா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். எல்லாம் என் காவலுக்குக் கிடைத்த மரியாதை என்று நான் பாட்டுக்குப் பெருமையாகத் திரிந்தேன்.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பின்கட்டுப் பாயில் சித்தி. அவள் கையில் என் பிரிக் கேம். சித்தப்பா தறியில் ஏறாமல் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே ஆத்திரம்!

“இவ்ளோ நாளா நான் காவல் காத்துக்கினு இருக்கறேன். நீ கொஞ்சம் பாத்து இருந்துக்கக் கூடாதா சித்தி?”

அம்மா ஓடிவந்து என் முதுகில் ஒன்று வைத்தாள்.

“அடிக்காதீங்கக்கா” என்றாள் சித்தி. பிறகு என்னிடம், “அடுத்த தபா பாத்து இருந்துக்கறேம்மா” என்றாள்.

அவள் கையில் விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உச்சிவரை ஏறின. அவள் ஒரு பட்டனைக்கூட அழுத்தவில்லை. விளையாடாதவள் எதற்குக் கையில் வைத்திருக்கிறாள், எனக்குக் கொடுத்திருக்கலாமே என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது.