திறப்பைக் கொடுக்க மாட்டேன்

மச்சாளின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த மறுநாள், மதியம் பார்வையாளர் நேரத்துக்கு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மச்சாள் என் கணவரின் அக்கா. யன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமலிருக்க நான் சேலைன் போத்தலைப் பார்த்தேன். வெளியே மதிலோரம் நின்ற கழுதைகளைப் பார்த்தேன்.

கண்ணைத் திறந்ததும் மச்சாள் கேட்டது ஒன்றுதான். “ஆட்டோ எங்கை நிக்குது?”

எங்கள் வளவில், தறப்பாளால் மூடி நிற்கிறது என்றேன். தண்ணீர் தேங்குகிற பக்கமா என்று விசாரித்தார். இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

கணவர் மாரடைப்பில் போனபோது மச்சாளுக்கு முப்பத்தெட்டு வயது. பிள்ளைகள் இல்லை. ஆறு மாதம் கறுப்புச் சட்டையோடு வீட்டுக்குள் இருந்தவர், ஏழாம் மாதம் ஓட்டப் பழகப் போனார். விடத்தல்தீவில் அதுவரை எந்தப் பெண்ணும் ஆட்டோ ஓட்டியதில்லை. மீன்பெட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பூசைக்குப் போகும் கிழவிகள், வலி எடுத்த கர்ப்பிணிகள் என்று எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றினார். சந்தியில் நின்ற ஆண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு தங்கள் மனைவிமாரை அவருடைய ஆட்டோவிலேயே அனுப்பினார்கள்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், நினைக்காவிட்டால் இல்லை. இறங்குதுறையில் மீன்பெட்டி ஏற்றும்போது மட்டி ஓடு பாதத்தைக் கிழித்தது. வலிக்கவில்லை என்று துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு கிழமை ஆட்டோ ஓடினார். நான் துணியை அவிழ்த்துப் பார்த்த அன்று விரல்கள் கறுத்திருந்தன. காலை எடுத்தால்தான் ஆள் தப்பும் என்றார் டொக்டர். மச்சாள் தானே கையெழுத்து வைத்தார். ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோகும் முன், செபமாலையையும் ஆட்டோவைக் கிளப்புகிற திறப்பையும் என் கையில் வைத்து மூடி, “என்னைக் கேக்காமல் ஆரிட்டையும் குடுக்காதை” என்றார்.

நாலைந்து நாள் பார்வையாளர் வந்தபடியே இருந்தார்கள். எல்லாரும் அழுதார்கள். கோயிலில் எங்களுக்கு முன்வாங்கில் உட்காரும் ஒரு அம்மா, கட்டிலைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதார். மச்சாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அழுறதெண்டால் வெளியிலை போய் அழுதிட்டு வாங்கோ. எனக்குப் பகிடி சொல்ல ஆள் வேணும்” என்றார். அந்த அம்மா பிறகு வரவில்லை.

ஆறாம் நாள் மூத்தத்தான் வந்தார். அவர் மச்சாளுக்கும் என் கணவருக்கும் தமையன். நானாட்டானில் வயல் செய்கிறவர். நானும் கணவரும் கட்டிலருகே நின்றோம். தன் வீட்டில் பின்னறை சும்மா கிடக்கிறது, இனி அங்கே வந்து இருந்தால் போதும், சமையலைக் கூட நினைக்க வேண்டாம் என்றார். அடம்பனில் ஒருவர் வாங்க ஆட்டோ தேடுகிறார், கையோடு கூட்டி வந்திருக்கிறேன், கீழே நிற்கிறார் என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்துத் தலையணையை உயர்த்தச் சொன்னார். வலியில் உதட்டைக் கடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணை, பிரேக் வலக்காலிலை. கிளச்சும் கியரும் கையிலை. இவையள் எடுத்தது இடக்கால். அது இவ்வளவு வருசமும் என்னோடை சும்மா ஏறி வந்தது.”

பக்கத்துக் கட்டில் பெண் சிரித்துவிட்டு, துவாயால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பித் திறப்பைக் கேட்டார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவருக்கு எதிராக நான் ஒரு சொல் பேசியதில்லை. அவர் முன்னால் கதிரையில் கூட உட்கார்ந்ததில்லை. கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன்.

“தரமாட்டன் அத்தான். அது மச்சாளின்ரை.”

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் நிலத்தைப் பார்த்தபடி, அக்காவின் ஆட்டோவுக்கு அக்காதான் முடிவு சொல்ல வேண்டும் என்றார். அத்தான் வெளியேறினார்.

படிக்கட்டு வரை பின்னால் ஓடினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. “அவளின்ரை புருசனைக் குழியிலை இறக்கினது நான், பிள்ளை. இவளையும் இறக்க என்னாலை ஏலாது.”

அவருடைய பயம் பொய்யில்லை. எனக்குள்ளும் அதே பயம்தான் இருந்தது. என்றாலும் பையைத் திறக்கவில்லை. பயத்தைச் சொல்லி ஒரு மனுசியைப் பின்னறையில் இருத்திவிட முடியாது என்று அந்தப் படிக்கட்டில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

திரும்பி வந்தபோது மச்சாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அண்ணனுக்காக என்று நினைத்தேன். இல்லையாம். இல்லாத பெருவிரல் குத்துகிறதாம். “கால் போட்டுது, நோ மட்டும் ஏன் போகேல்லை?” என்று கேட்டார். வார்ட்டுத் தாதி மிஸ்ஸி வந்து மருந்து கொடுத்தார். நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி இரண்டு தரம் வந்து சொல்லும் வரை நான் மச்சாளின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எழுப்பி நிறுத்தத் தொடங்கினார்கள். முதல் நாள் இரும்புச் சட்டத்தைப் பிடித்துப் பத்து எண்ணும் வரை நின்றார். அடுத்த நாள் கழுவும் தொட்டி வரை போனார். ஒருநாள் விழுந்து முழங்கையை உரசிக்கொண்டார். தன் தம்பியிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். மலசலத்துக்குப் படுக்கையில் வைக்கும் சட்டியை அன்றோடு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார்.

காயம் ஆறி, பொய்க்கால் பொருத்திப் பழக மாதங்கள் ஆயின. லைசென்ஸ் கந்தோரில் வைத்தியச் சான்றிதழ் கேட்டார்கள், அலைந்து எடுத்தோம். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பரிசோதித்தவர் பக்கத்தில் வந்து நின்று, கால்களையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சாள் சுற்றி வந்து நிறுத்தியதும் அவர் கையெழுத்துப் போட்டார்.

அத்தான் இன்னும் அந்த ஆட்டோவில் ஏறவில்லை. திருநாளுக்கு வந்தால் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போவார். மச்சாளும் ஏறச் சொல்லிக் கெஞ்சவில்லை. மாத்திரையை இப்போது நேரத்துக்குப் போடுகிறார், தேநீருக்கு மட்டும் இன்னும் சீனி கேட்டுச் சண்டை பிடிக்கிறார்.

போன கிழமை நானும் சந்தியில் நின்றேன். வெளியூர் ஆள் ஒருவர் ஏறப் போய், பொய்க்காலைக் கண்டு, நீங்களா ஓட்டுவது என்று தயங்கினார்.

“ஓம், நான்தான். பயமெண்டால் பின்னாலை வேறை ஆட்டோ நிக்குது” என்றார் மச்சாள்.

அந்த ஆள் யோசித்துக்கொண்டு நின்றார். மச்சாள் காத்திருக்கவில்லை. வெயிலில் மீன்பெட்டியோடு வந்துகொண்டிருந்த பெண்ணை நோக்கி வண்டியைத் திருப்பினார்.