யாரும் இரண்டு முறை ஜெயிக்காத தொகுதி

அந்த நாடாளுமன்றத் தொகுதிக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு முறை ஜெயித்தவரை அது மறுபடி ஜெயிக்க விட்டதே இல்லை. முதல் உறுப்பினர் ரயில்வே தொழிற்சங்கத்துக்காரர். கூட்டம் என்றால் ஜனங்களோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், ஜெயித்த பிறகு அந்தப் பக்கம் தலையே காட்டவில்லை. அடுத்த தேர்தலில் மண்ணைக் கவ்வினார். பிறகு ஒரு வக்கீல் வந்தார். வாயாலேயே ஜெயித்தார், வாயாலேயே கெட்டார். அதற்கப்புறம் ஒரு டாக்டர், ஒரு ஜவுளிக்கடை முதலாளி. பதவியில் இருக்கும்போதே கண்ணை மூடிய ஒருவர். இடைத்தேர்தலில் நின்று, ஊரே அழுது ஓட்டுப் போட்டதில் ஜெயித்த அவர் மனைவி. அந்த அம்மாவுக்கும் இரண்டாவது முறை கண்ணீர் கைகொடுக்கவில்லை. நடுவில் எல்லையை மாற்றி மில் தெருக்களைச் சேர்த்தார்கள், ஆற்றங்கரை வார்டுகளைக் கழற்றிவிட்டார்கள். தொகுதியின் உடம்புதான் மாறியது, புத்தி மாறவில்லை.

இவர்கள் அத்தனை பேருடைய கூட்டங்களுக்கும் நாற்காலி போனது ஒரே இடத்திலிருந்துதான். ரயில் பாதையை ஒட்டிய தெருவில் தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு. புருஷன் மடக்கு நாற்காலியில் ஆரம்பித்த வாடகை வியாபாரம், அவர் போன பிறகு பிளாஸ்டிக் நாற்காலியாகி மனைவி கைக்கு வந்தது. ஊருக்கு அவள் சேர் அக்கா. கல்யாண வீட்டுக்கும் அவள்தான், சாவு வீட்டுக்கும் அவள்தான். சாவு வீட்டுக்கு யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, செய்தி காதில் விழுந்ததும் வண்டியில் ஏற்றிவிடுவாள். கட்சிக்காரர்களிடம் மட்டும் கறார்.

“எந்தக் கட்சியா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். கொடி கிடின்னு என் கேட்டுல எதையும் கட்டக் கூடாது” என்பாள்.

இதில் ஒரு வேடிக்கை, அவளுக்கு அந்தத் தொகுதியில் ஓட்டே கிடையாது. எல்லையை மாற்றிய புண்ணியவான்கள் கோட்டை அவள் தெரு நடுவே இழுத்துவிட்டார்கள். கிடங்கு இந்தத் தொகுதி, எதிர்வரிசையில் இருக்கும் வீடு பக்கத்துத் தொகுதி. “தொகுதியையே உட்கார வைக்கிறவ நான். எனக்கு வரிசையில நிக்கக்கூட உரிமையில்ல” என்று சொல்லிச் சிரிப்பாள்.

கிடங்குக்குப் பின்னால் இரண்டு அறையில் அவள் தம்பி குடும்பத்தோடு இருந்தான். சின்ன வயதில் பெற்றோர் போனதிலிருந்து அவனை வளர்த்தது அவள்தான். நாற்பது தாண்டியும், யாராவது கொஞ்சம் குரலை உயர்த்தினால் அவனுக்கு நெற்றியில் வியர்த்துவிடும். சுமப்பதற்கும் அடுக்குவதற்கும் அவனைப்போல ஆள் கிடையாது. அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவளுக்கு என்று இருந்தது அந்த நாலு பேர்தான்.

அந்த முறை மறுபடி நின்றவர் காண்ட்ராக்டர். மேம்பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லி ஜெயித்து, கட்டியும் கொடுத்தார். அதில் விரிசல் விழுந்து வண்டி போகக் கூடாது என்று தடுப்பு வைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை ஜெயித்தே தீருவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமாக இருந்தது அவர் மனைவியின் தம்பி. உறவு அவருக்குத்தான் என்றாலும் ஊர் முழுக்க அந்த ஆளை மச்சான் என்றுதான் சொல்லும். மச்சான் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் வந்துபோன வீடுகளில் சில நாள் யாருமே சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள்.

கடைசிப் பொதுக்கூட்டம் மில் மைதானத்தில். “மைதானம் நிறைஞ்ச மாதிரி இருக்கணும்க்கா” என்று மட்டும் மச்சான் சொல்லி அனுப்பியிருந்தார். கூட்டம் வராது என்று சேர் அக்காவுக்குத் தெரியும், பாலத்துக் கோபம் அப்படி. நாற்காலிக்காரர்களிடம் இதற்கு ஒரு வழி உண்டு, காற்றோட்டமாகப் போடுவது என்று சொல்வார்கள். இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு முழம் விட்டு, வரிசைக்கு வரிசை கொஞ்சம் கோணலாகப் போட்டால், பாதிக் கூட்டம்தான் வந்திருந்தாலும் மேடையிலிருந்து பார்க்கிறவருக்குத் தலையெல்லாம் ஒட்டிக்கொண்டு மைதானமே நிறைந்த மாதிரி தெரியும். அன்று தம்பி நாற்காலிகளை இறக்கிக் கொடுக்க, அவளே நின்று ஒவ்வொன்றாகப் போட்டாள். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள்.

பறக்கும் கேமராவை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. கூட்டம் நடக்கும்போது தலைக்கு மேலே வண்டு மாதிரி ஏதோ சுற்றியதைப் பார்த்தாள், அவ்வளவுதான். மறுநாள் காலை எல்லார் போனிலும் அந்தப் படம் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் மைதானம் பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பெரிதாக அச்சடித்துத் தெருத் தெருவாக ஒட்டினார்கள்.

மத்தியானம் மச்சான் கிடங்குக்கு வந்தார். கூட வந்த இரண்டு பேர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார்கள். அவரே ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். சேர் அக்கா கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைப் பதவிசாகக் கீழே வைத்தார்.

“யாருக்கா போட்டது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தம்பியின் குரல் வந்தது. “நான்தாண்ணே போட்டேன். அக்கா வரவே இல்ல.”

பொய் சொல்லத் தெரியாதவன், வாழ்நாளில் முதல் பொய்யை இந்த ஆளிடம் சொல்லிவிட்டான். இல்லை, நான்தான் என்று அவள் சொல்ல ஆரம்பித்ததை மச்சான் கையமர்த்தி நிறுத்தினார்.

“எதிர்க்கட்சிக்காரன்கிட்ட நீ எவ்வளவு வாங்கினேன்னு கேக்க மாட்டேன் தம்பி. ஜெயிச்சிட்டா இதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா. தோத்துட்டா, யாரால தோத்தோம்னு உட்கார்ந்து யோசிக்கணும்ல. அப்ப முதல் ஞாபகம் உன் மேலதான் வரும்.” எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே அடுக்கி வைத்தார். “பிள்ளைங்க எந்த ஸ்கூல்?”

தம்பி ஸ்கூல் பெயரைச் சொன்னான். சொல்லாமல் இருக்க அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அவனைப் பிடித்து, “உன்னை யாருடா கேட்டா? நீ எதுக்குடா வாயைத் திறந்தே?” என்று கத்தினாள்.

“உன்னை ஏதாவது பண்ணிட்டா நான் என்னக்கா செய்வேன்?” என்றான் அவன். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஊரைவிட்டு அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். எங்கே அனுப்புவது, கேட்டுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்க ஆரம்பித்திருந்தது. போலீஸுக்குப் போகலாம், என்னவென்று எழுதிக் கொடுப்பது, தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கூல் பெயரைக் கேட்டார் என்றா? கடைசியில் அவளுக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. காண்ட்ராக்டர் ஜெயிக்க வேண்டும். யாரையும் இரண்டு முறை ஜெயிக்க விடாத தொகுதியில் அந்த மனுஷன் ஜெயித்தே ஆக வேண்டும்.

மறுநாளே கிளம்பினாள். எந்தக் கட்சிக்கும் வாயைத் திறக்காதவள், மில் தெருக்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். துக்கத்துக்கு நாற்காலி அனுப்பிய வீடுகள், மகள் கல்யாணத்தை நடத்திக் கொடுத்த வீடுகள். “எனக்காகப் போடுங்க” என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. பாலத்தைப் பற்றிக் கேட்டவர்களிடம் தலையைக் குனிந்துகொண்டாள். பாதிப் பேர் காரணம் கேட்கவே இல்லை.

தையல்கடைக்காரர் மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். போன வாரம் வரை அந்தத் தெருவில் காண்ட்ராக்டரை வாய்விட்டுத் திட்டியவர் அவர்.

“அக்கா, என்கிட்டயும் ஆள் வந்தாங்க. போடான்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க கொடியே கட்ட விடாதவங்க. நீங்களே வந்து கேக்கறீங்கன்னா நாங்கெல்லாம் எம்மாத்திரம்” என்றார். குரலில் கோபமில்லை. “போட்டுடறேன். வீட்லயும் சொல்லிடறேன்.”

அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அந்த வீட்டுப் பெண் திறந்துகொண்டு வந்து, “தெரியும்க்கா, நீங்க போங்க” என்றாள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். அவளைவிட வேகமாக அவள் பயம் தெருவில் போய்க்கொண்டிருந்தது. நின்றுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஸ்கூல் விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்ததும் மறுபடி நடந்தாள்.

வாக்குப்பதிவு அன்று அவள் பக்கத்துத் தொகுதியில் யாருக்கோ ஒரு ஓட்டைப் போட்டுவிட்டு வந்து கிடங்கில் உட்கார்ந்துகொண்டாள்.

எண்ணும் நாளில் தம்பி வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகளும் பள்ளிக்குப் போகவில்லை. ரேடியோவில் காண்ட்ராக்டர் பின்தங்கியே வந்தார். ரயில்வே குடியிருப்பு வார்டுகள் அவரைக் கைவிட்டன, கடைவீதியும் கைவிட்டது. தம்பி மனைவி துணிகளைப் பையில் அடைக்க ஆரம்பித்தாள். கடைசியில் மில் தெரு ஓட்டு மிஷின்களை எண்ணினார்கள். அங்கே மட்டும் அவருக்குக் கொட்டியது. மயிரிழையில் ஜெயித்தார். தொகுதி பிறந்ததிலிருந்து நடக்காதது நடந்துவிட்டது. சேர் அக்கா சுவரில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். அந்த மனுஷன் ஜெயித்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் அவர் வீட்டிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

வெற்றி ஊர்வலம் கிடங்கு வாசலில் நின்றது. மச்சான் வண்டியிலிருந்து இறங்கி வந்தார், கழுத்தில் இரண்டு மாலை. ஒன்றைக் கழற்றி, நாற்காலிகளுக்கு நடுவே வியர்த்துப்போய் நின்ற தம்பியின் கழுத்தில் போட்டார்.

“அவன் இல்லைங்க” என்றாள் சேர் அக்கா. இனிச் சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது என்ற தைரியம். “அன்னைக்கு மைதானத்துல போட்டது நான்தான். அவன் என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னான்.”

“தெரியும்க்கா” என்றார் மச்சான். “அன்னைக்கு மேடை ஓரத்துல நின்னு நீங்க ஒவ்வொண்ணா போடறதை நான்தானே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

வெளியே மேளம் அடித்துக்கொண்டே இருந்தது.

“மில் தெருவுல எங்களை யாரும் வாசல்படிகூட ஏத்தலை. நீங்க போனா கேப்பாங்கன்னு தெரியும். ஆனா நாங்க வந்து கேட்டா நீங்க போக மாட்டீங்க. என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் அன்னைக்கு வந்தேன். தம்பி தானா வந்து வாயைக் கொடுத்தான்.” அவன் கழுத்து மாலையைச் சரிசெய்து, தோளில் கை போட்டுக்கொண்டார். “நல்ல பையன்க்கா. பத்திரமா பாத்துக்குங்க. அடுத்த எலெக்‌ஷனும் வருதுல்ல.”

கிளம்பும்போது அவருடைய ஆள் ஒருவன் கேட்டில் கொடியைக் கட்டினான். தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் குனிந்து நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தாள்.